மஞ்சள் துணி கட்டிய பானை

என் ஆசை அக்கா பாவாயிக்கு,

நீ கண்ணை மூடி வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உன் பானைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இதை உன்னிடம் மட்டும் சொல்லி அழுதால் ஊருக்கு வசதியாகிவிடும். அதனால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். படிக்கத் தெரிந்த ஆண்கள் படிக்கட்டும்.

மேட்டூரில் அணை கட்டி முடித்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் காலத்தோடு வருகிறது. நம் காவிரிக்கரை வேலூர்ப் பக்கம் எல்லார் குதிரிலும் நெல் இருக்கிறது. பஞ்சத்துக்கு எடுத்தோம் என்று சொல்லக்கூட அவர்களுக்கு வழியில்லை.

வெள்ளைச் சேலையோடு நீ நம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் குதிர் நிறைந்துதான் இருந்தது. அதில் ஒரு படி உன்னுடையது என்று யார் சொன்னார்கள்? அதனால்தானே வீடு வீடாகப் போனாய். உலைக்குப் போடும் அரிசியில் தினம் ஒரு பிடி தனிப்பானையில் போடச் சொன்னாய். பானைகள் நிறைந்ததும் அரிசியைச் சந்தையில் விற்று, தாலியறுத்தவள் ஒருத்திக்குக் கறவை எருமை. அது ஈனும் முதல் கிடேரி அடுத்தவளுக்கு. "பிச்சையில்ல சாமி, இது நம்ம பங்கு" என்பாய்.

"ஊட்டுக்காரரு கண்டா கள்ளுக்கடைக்குக் கொண்டு போயிருவாருங்க அக்கா" என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி பயந்தாள். நீ சிரித்தாய். "மஞ்சத்துணி கட்டி வெய்யி. மாரியாத்தா பானைன்னா எந்த வீரன் தொடுவான்?"

எவனும் தொடவில்லை. உன் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அடுத்த எருமை ராமாயிக்கு என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய். புருஷனைப் பறிகொடுத்து வெற்றிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாளே, அவளுக்கு. பால் ஊற்றிப் பிழைத்தால் ஒற்றை மகளை வைத்துக் காப்பாற்றுவாள். இல்லாவிட்டால், இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்த கிழவன் ஒருவன் சோறு போடுகிறேன் என்று பெண் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்தப் பிள்ளை இன்னும் பாவாடை முனையில் புளியங்கொட்டை முடிந்து வைத்திருக்கிறது.

மாரியம்மன் நோம்பி வந்தது. மணியகாரர் கோயில் வாசலில் எழுந்து சொன்னார்: "மஞ்சத்துணி கட்டுன பானையெல்லாம் ஆத்தாளுக்கு நேந்ததுதானே? அன்னதானத்துக்கு எடுத்துக்கலாம்."

ராமாயி வாய் திறந்தாள். "ஏனுங்க, அது எருமைக்குன்னு எடுத்து வெச்சதுங்க."

"அப்ப ஆத்தா பேரச் சொல்லி ஊரை ஏமாத்துனீங்களா?"

"எருமைதானே? நல்லா உருகிக் கும்புடு, ஆத்தாளே ஓட்டிட்டு வருவா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். ஒரே சிரிப்பு. அக்கா, நம் அப்பாவும் சிரித்தார். முதல் பானை நம் வீட்டிலிருந்துதான் போனது. தூக்கிக்கொண்டு போனது அவர்தான்.

பந்தியில் ஆண்கள் முதலில் உட்கார்ந்தார்கள். எங்கள் அரிசியில் மிஞ்சியதை எங்களுக்கே தானம் என்று போட்டார்கள். ராமாயியும் சாப்பிட்டாள். பசி, என்ன செய்வாள்? மறுவாரம் கிழவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம்.

அவர்கள் மேல் மட்டுமா கோபம்? உன் மேலும்தான். ஏன் அந்தத் துணியைக் கட்டச் சொன்னாய்? இது எங்களுடையது என்று ஒருநாளாவது உரக்கச் சொல்லியிருந்தால், அன்று எங்களில் இன்னொருத்திக்காவது வாய் வந்திருக்காதா? அவர்களுக்கு ஆத்தா மேல் இருக்கிற பயத்தை நம்பினாய். ஆத்தா பெயரில் பேசுகிற வாய் யாருடையது என்று யோசிக்கவில்லையே. சொல்லியிருந்தால் உனக்கு அடி விழுந்திருக்கும், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

முதன்முதலில் சேர்ந்த பிடியரிசியில் உனக்கென்று வாங்கிய எருமை இன்னும் நம் பட்டியில்தான் நிற்கிறது. "நம்ம ஊட்டு மாடு" என்கிறார் அப்பா. நாளைக் காலை, எல்லாரும் பார்க்க, அதை அவிழ்த்துப் போய் ராமாயி வாசலில் கட்டப்போகிறேன். கிழவனுக்குக் கொடுத்த வாக்கைத் திருப்பச் சொன்னேன். "எருமை வந்து நிக்கட்டுஞ் சாமி, நானே போயிச் சொல்லிட்டு வாரேன்" என்றாள்.

இது அச்சாகும்போது எருமை அங்கே நிற்கும். அதன் கொம்பில் மஞ்சள் துணி இருக்காது. யாருடையது என்று கேட்டால், ராமாயியுடையது என்று நானே சொல்வேன்.

உன் மேல் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்தவள்,
நல்லம்மாள்