இடித்த வீட்டிலிருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

"அம்மாவுக்குப் பயமா இருக்காம் மாமா, அடுத்த மாசம் வெச்சுக்கலாமா?" என்று உன் மகன் போனில் கேட்டான். நான் போட்ட சத்தத்தில் நர்ஸம்மா ஓடி வந்து பி.பி. பார்த்தார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். புது வீடு நீ தருவதாகச் சொன்னதால்தான் பழையதை இடிக்கச் சம்மதித்தேன். ரத்தப் புற்றோடு சேர்த்து என் எலும்பு மஜ்ஜையையும் கீமோ அழித்துவிட்டது. உன் ஸ்டெம் செல் வராவிட்டால் எனக்கு ரத்தமே ஊறாது. இடித்தபிறகு அடுத்த மாதம் என்றால், மழையில் நிற்பவன் எங்கே போவான்?

பயமென்றால் என்னிடம் சொல்வதற்கென்ன? பிள்ளையைத் தூது விடுவதா? அம்மை ஊசிக்கு என் கையைக் கடித்துக்கொண்டு நின்றவள்தானே நீ!

தொற்று பயத்தால் என்னை வெளியே விடமாட்டார்கள். உன் அண்ணியின் கையைக் கடித்துக்கொள், சம்மதித்துவிட்டாள். நாளைக் காலை வந்துவிடு.

கோபம் தீராத
அண்ணன்