இரண்டு கைகளுக்கு நடுவில் ஒரு வாடகை

ஏங்க, மேசைமேல் ஒரு தாள் கிடக்கிறது. ஊரில் நின்றுபோன கார்களை இழுத்துப்போகும் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இனி ஒரே வாடகை வாங்குவதென்று முடிவு செய்து, டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் இன்னும் உங்கள் பெயர்தான். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அதை அடித்தவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம்போலக் கோபம் வந்தது. பிறகு அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாடகை பேசுவதற்கு நமக்கென்று ஒரு வழி இருந்தது. நெல்லித்தோப்பு வீட்டில் போன் அடித்தால் நீங்கள்தான் எடுப்பீர்கள். "ஆளுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் எந்த இடம், சக்கரம் உருளுகிறதா, அவ்வளவுதான். என்ன கார் என்று கேட்கவே மாட்டீர்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பீர்கள். நான் அடுப்படியிலிருந்து விரல் காட்டுவேன். ஒரு விரலுக்கு ஐந்நூறு. நான் நாலு காட்டினால் நீங்கள் இரண்டு காட்டுவீர்கள். நான் முறைப்பேன். நடுவில் மூன்று என்று முடிவாகி, போனில் ஆயிரத்தைந்நூறு என்பீர்கள். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். போய்ப் பார்த்தால் கார் வாய்க்காலில் கிடந்தாலும் மாற்ற மாட்டீர்கள்.

கடற்கரைப் பக்கம் பெரிய கார் ஒன்று நின்றுபோன அன்று நான் பத்து விரலையும் காட்டினேன். "காருக்கு வாடகையா, தூரத்துக்கு வாடகையாடி?" என்று சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீசல் யார் போடுவது, வண்டிக் கடனை யார் கட்டுவது?

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குத் தன் அம்மாவைக் கூட்டிவந்த விழுப்புரத்துக்காரரின் கார் வழியில் நின்றது நினைவிருக்கிறதா? அந்த அம்மாவை முதலில் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் காரைத் தொட்டீர்கள். பேசிய வாடகையிலும் பாதியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நின்றீர்கள். "பேசாம சாமியாராப் போயிடுங்க!" என்று கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வர்றவன் பேரம் பேச மாட்டான்டி. அவனுக்கும் சேத்து நாமதான் பேசணும்" என்றீர்கள். அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை.

ஆனால் வண்டியின் இழுவைக் கம்பி அறுந்து, என் பிடிவாதத்தால் மிச்சமான பணத்தில் புதுசு வாங்கியபோது நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். "உன் விரல் இல்லன்னா இந்த வண்டி என்னிக்கோ காயலாங்கடைக்குப் போயிருக்கும்." அதை இன்னும் இரண்டு தடவையாவது சொல்லியிருக்கலாம் நீங்கள்.

இந்தத் தாளுக்கு முன்னால் ஒரு தாள் வந்தது. ஊருக்குள் எங்கும் ஆயிரத்தைந்நூறு, கோரிமேட்டுச் சாலைக்கு மட்டும் அதைப்போல் ஒன்றரை மடங்கு என்று போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் அவர்கள் வழியாக நமக்கு வரும் அழைப்புகள் நின்றுவிடும். இப்போது நம் வண்டியை ஓட்டுகிற டிரைவர் வீட்டு அடுப்பும் அதை நம்பித்தானே எரிகிறது? இருந்தாலும் போன வாரம் வண்டிக்காரர்கள் கூட்டத்துக்குப் போனேன். டீக்கடை மாடியில் பதினோரு ஆண்கள், நடுவில் நான் ஒருத்தி. அந்தச் சாலைக்கு மட்டும் ஏன் அதிகம் என்று கேட்டேன்.

"இன்னாக்கா, எப்பவும் ஜாஸ்தி கேக்கறது நீங்கதான்னு அண்ணன் சொல்வாரு. இப்ப நீங்களே கொறைக்கச் சொல்றீங்களே?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனாலும் நீங்கள் சொன்னதையே சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் பேரம் பேச மாட்டான் என்று தெரிந்துதானே வாடகையை ஏற்றுகிறோம் என்றேன். சிரிப்பு நின்றது. "சரி, அண்ணன் அந்த ரோட்டுக்கு எவ்ளோ வாங்குவாரு? அதையே போட்டுடுவோம்" என்றார் தலைவர்.

"ஆயிரம்" என்றேன்.

இறந்துபோனவரோடு பேரம் பேச யாருக்கும் வாய் வரவில்லை. எழுதிவிட்டார்கள். படி இறங்கும்போதுதான் உறைத்தது. ஐயோ, ஆயிரம் நீங்கள் வாங்கியதில்லை. அது நீங்கள் காட்டியது! எதிரே என் கை நாலு விரலோடு நின்றதால்தானே மூன்று வாங்கினோம்? உங்கள் பக்கம் பேசுகிற ஆவேசத்தில் என் பக்கத்தை மறந்தேபோனேன். அந்தக் கணக்கில் ஓடினால் ஊரில் ஒரு வண்டியும் தேறாது.

மறுபடி மாடி ஏறினேன். "தப்பாச் சொல்லிட்டேங்க. ஆயிரம் அவர் கேட்டது. வாங்கினது ஆயிரத்தஞ்ஞூறு, மத்த ரோட்டுக்கு வாங்கின அதே வாடகைதான்" என்றேன். தலைவர் அடித்துத் திருத்தினார். ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், திட்ட ஆளில்லை. "போடி பைத்தியம், ஊரையே திவாலாக்கப் பாத்தியே" என்று நீங்கள் நாலு நாளாவது சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். சாதம் வடித்தேன், சாப்பிட்டேன், பாத்திரம் கழுவினேன்.

உங்கள் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் இப்போதுதான் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போன் வந்தால் நானே எடுக்கிறேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான் நானும் முதலில் கேட்கிறேன். தாளில் இல்லாத தூரம் என்றால் உங்களுக்காகவும் எனக்காகவும் நானே மல்லுக்கட்டி ஒரு வாடகை சொல்கிறேன். ஜெயிப்பதும் நான்தான், தோற்பதும் நான்தான். அதில் ஒரு ருசியும் இல்லைங்க.