ஸ்கேனுக்காக அம்மா சொன்ன நல்ல வார்த்தை

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. மதுரை மேகத்துக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கும் பந்தா மட்டும்தான்.

பிளஸ் டூ. ஸ்கூலுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பல் தேய்க்கக்கூட யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லாபுரத்து மாமா வந்தார். ஓசி காபி, ஓசி வைத்தியம். அம்மாவிடம், "செல்போனப் புடுங்குக்கா, எல்லாம் சரியாப் போகும்." காபி முடியும்வரை அவர் கண் அவர் செல்லில்தான்.

டாக்டர் சொன்னது டிப்ரஷன். மாத்திரை மாற்றியும் கேட்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி: மூளையை ஸ்கேன் எடுத்துக்கொண்டே அம்மாவின் குரலைக் காதில் போடுவார்கள். கொஞ்சம் திட்டு, கொஞ்சம் பாராட்டு. மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், எனக்கு எந்த வைத்தியம் சேரும் என்று தெரியலாமாம். அப்பாவின் ஒரே சந்தேகம்: "இது வெளிய தெரியுமா சார்? நாளைக்கு மாப்ள பாக்கணும்ல." கேவலம்.

நவ. 6, வியாழன்

அம்மா குரல் பதிவு. நான் வெளியே பெஞ்சில். கதவைச் சாத்தக்கூடத் தெரியாத ஆராய்ச்சி.

"எரும மாதிரி தூங்குறா. எம்புட்டு செஞ்சாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறா..." பதிவு செய்யும் அக்கா போதும் என்றும் நிற்கவில்லை. அடுத்து பாராட்டு. தண்ணீர் கேட்டாள். கடைசியில், "வேணாம்மா. பெத்தவ வாயால சொன்னா புள்ளைக்குக் கண்ணு பட்டுரும்." இதுதான் எங்கள் வீட்டு விஞ்ஞானம். வீட்டிலிருந்தாவது செல்லில் பேசி அனுப்பச் சொன்னார்கள். திரும்பும்போது ஆரப்பாளையம்வரை பஸ்ஸில் அம்மாவை விட்டு வேறு சீட்டில் உட்கார்ந்தேன்.

நவ. 10, திங்கள்

ஸ்கேன். தோடு, கொலுசு கழற்றியாயிற்று. தலையை அசைக்காதே, அசைக்காதே. மெஷின் கடகட. காதில் திட்டு. தினமும் கேட்பதுதான், கொட்டாவி வந்தது.

பிறகு தண்ணீர் விழும் சத்தம். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் பேசியிருக்கிறாள். "எம் மக... ஒண்ணுமே முடியாத நாள்லயும் எனக்காக ஒரு வா சோறு தின்னுருவா. தங்கம்."

அழுதுவிட்டேன். தலை ஆடியது. படம் வீண். "அழக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்கிறார் அந்த அக்கா. டிப்ரஷன் ஆராய்ச்சி. அழக் கூடாது!

விஷயம் கேட்டு அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. "நாந்தேன் அப்பவே சொன்னேன்ல, எங் கண்ணுதேன்." உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடியில் வீடே இருமியது. "நெடியே இல்ல பாரு, அம்புட்டுக் கண்ணு," என்று இருமிக்கொண்டே சொன்னாள்.

வியாழக்கிழமை மறுபடி எடுக்கிறார்கள். சாயங்காலம் அந்த அக்கா போன். அழ வைக்காத மாதிரி அம்மா புதுசாகப் பேசி அனுப்பணுமாம்.

"அதையே போடுங்கக்கா. அசையாமக் கேக்குறேன்."