எந்த பஸ்ஸுக்கு எந்த ‘கோ’

மாப்ள,

நேற்று பசுமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஓட்டுகிற தம்பி புதுசு போல; கைப்பேசியில் வழி கேட்டு ஓட்டினான். அதற்குள்ளிருந்த அம்மாள் ‘ப்ரொசீட்’ என்றாள். நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மல்லிகைக் கூடையோடு இருந்த பெண் கூடையை மறுபக்கம் நகர்த்திக்கொண்டாள். ஐம்பத்து மூன்று வயது ஆள் காரணமில்லாமல் சிரித்தால் யார்தான் நகர்த்த மாட்டார்கள்? அந்தச் சொல் திருச்சி எக்ஸ்பிரஸ்ஸுக்கென்று நீ ஒதுக்கி வைத்தது, ஆட்டோவுக்கெல்லாம் கூடாது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

நம் பஸ் ஸ்டாண்டின் பெயரை எழுதப்போவதில்லை. நான் அந்தப் பக்கம் இன்னும் நடமாட வேண்டியவன். மைக் அறை உனக்கு, அதை ஒட்டிய பத்திரிகைக் கடை எனக்கு, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியே டீ வரும், ஊர்க்கதை போகும். எந்த வீட்டில் சண்டை, யார் யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் முதலில் அங்கேதான் அறிவிக்கப்படும். மைக்கில் வந்தது மிச்சம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் உன் முதலாளி வந்தார். தைல விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், நடுநடுவே பஸ் அறிவிப்பு என்று அந்த மைக்கைக் குத்தகைக்கு எடுத்திருந்த மனிதர். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், இனி இங்கிலீஷிலும் சொல்ல வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கு முகம் செத்துவிட்டது. மைக் என்றால் உனக்கு உயிர். வீட்டில் குழம்பு கேட்பதைக்கூட இரண்டு முறை சொல்லுவாய் என்று தங்கச்சி புலம்பும்.

நீ பத்தாவது. நான் பி.ஏ. ஆங்கிலம், அதில் மூன்று தாள் இன்றைக்கும் பாக்கி. இருந்தாலும் அந்த பஸ் ஸ்டாண்டில் பெரிய படிப்பு என்னுடையதுதான்.

“ரொம்ப ஈசி மாப்ள. ஊர்ப் பேரச் சொல்லி, கோயிங்னு முடிச்சிரு” என்றேன்.

“எல்லா பஸ்ஸுக்குமா?”

“எல்லா பஸ்ஸுக்கும்.”

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். “அழகரு வாராரு. அவரப் போயி நடந்து வாராருன்னா சொல்லுவம்? எழுந்தருளுறாருன்னுதான சொல்றோம். கலெக்டரு வருகை தாராரு. நான் வாரேன். நீ வந்து தொலையிற. ஆளுக்கு ஒரு சொல்லு இருக்குல்ல? ஏசி பஸ்ஸுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் ஒரே கோவா?”

கடையில் விற்காமல் கிடந்த அகராதி ஒன்றைத் தூசி தட்டினேன். ஒரு சொல்லைக் கேட்டால் இருபது சொல் கொட்டுகிற ரகம்.

அன்றிலிருந்து நாம் பஸ்களுக்குப் பெயர் சூட்டு விழா நடத்தினோம். திருச்சி எக்ஸ்பிரஸ்ஸுக்கு ப்ரொசீட். சென்னை ஏசி வண்டிக்கு டிபார்ட். அதைச் சொல்லும்போது மட்டும் நீ எழுந்து நின்றுகொள்வாய். வழியிலுள்ள எல்லா ஊருக்குள்ளும் நுழைந்து வருகிற வண்டிக்கு வாண்டர், அதாவது அலைவது. ஆள் ஏறுவதற்குள் பறந்துவிடுகிற வண்டிக்கு ஃப்ளீ, தப்பித்து ஓடுவது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு, அந்த வண்டியை நேரில் போய்ப் பார்த்து, பொருத்தம் சரி என்று தலையாட்டிய பிறகுதான் மைக்கில் ஏற்றினாய். ஜாதகம் பார்க்கிறவர்கூட அத்தனை பார்த்திருக்க மாட்டார்.

ஒரு வெள்ளைக்காரர் முதுகுப் பையை இறக்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் தப்பித்து ஓடப்போகிறது என்று கேட்டவர் வேறென்ன செய்வார்? அவர் யோசித்து முடிப்பதற்குள் பஸ் ஓடியும் விட்டது. உன் அறிவிப்பில் பொய் இருந்ததே இல்லை.

நம் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். பூக்கார அம்மா வந்து நின்று, “ஏய்யா, எனக்கு ஃப்ளீ வேணாம். கூடை சாஞ்சிரும். வாண்டர் எப்ப வரும்?” என்று கேட்டாரே, அன்றைக்கு நீ எனக்கு இரண்டு வடை வாங்கித் தந்தாய்.

வினை கொட்டாம்பட்டி வண்டியில் வந்தது. ஓட்டுகிறவரே சொந்தக்காரர். அடியில் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்து, வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்து இழுத்து இழுத்து வரும். “பாவம், ஒத்த வண்டிய வச்சுப் பொழைக்கிறவன். கோன்னே இருக்கட்டும்” என்றாய். நான்தான் விடவில்லை. லிம்ப் என்று எடுத்துக் கொடுத்தேன். நொண்டுவது. “கேக்க இலக்கியமா இருக்கும் மாப்ள” என்றேன். என்னையும் நம்பி நீ அதைச் சொன்னாய்.

ஒன்பது நாள் யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் நாள் ஓர் ஆங்கில வாத்தியார் அந்த வண்டியில் ஏறி, சிரித்துக்கொண்டே டிரைவருக்குப் பொருள் சொல்லிவிட்டார். டிரைவர் உன் முதலாளிக்கு ஃபோன் போட்டார். சாயங்காலம் இரண்டு பேரும் மைக் அறை வாசலில்.

நான் என்ன செய்தேன் என்பதை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன். வாரப் பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். டிரைவரின் கை என் தொடை அளவு இருந்தது. ஓட்டை வழியே எல்லாம் கேட்டது.

“என் வண்டி நொண்டுதுன்னு மைக்குல சொன்னீங்களாம்ல. யாருண்ணே இதச் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லிக் குடுக்கலப்பா. நானாத்தான் சொன்னேன்.”

“ஒனக்கு இம்புட்டு இங்கிலீசு ஏதுய்யா?” இது முதலாளி.

“படிச்சேன்.”

“திருவிழா முடியட்டும். வேற ஆளக் கூட்டியாரேன். சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிரு.”

நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். எழவில்லை. நீ டிரைவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய்: “பட்டைய மாத்திட்டு வாங்கண்ணே. நானே ஏறிப் பாத்துட்டு நல்ல சொல்லாத் தாரேன்.”

மனிதர் ரோஷக்காரர். நாலாம் நாள் வண்டியைச் சரிபண்ணி, மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நீ கொட்டாம்பட்டி வரை போய்த் திரும்பினாய். அதற்குள் நான் குற்ற உணர்ச்சியில் அகராதியைக் கிழியக் கிழியப் புரட்டி ஒரு சொல் கண்டுபிடித்து ஓட்டை வழியே நீட்டினேன். கொட்டாம்பட்டி பஸ் ‘கிளைட்’ ஆகிறது என்று நீ அறிவித்தாய். வழுக்கிக்கொண்டு போகிறது என்று பொருள். டிரைவர் அடித்த ஹாரன் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அப்புறம் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. ஃப்ளீ டிரைவர் ஆட்கள் உட்காரும்வரை நின்றார். வாண்டர் டிரைவர், “அண்ணே, டீக்கடையில நிப்பாட்டுறத விட்டுட்டேன். சொல்ல மாத்துங்க” என்று கெஞ்சினார். திருவிழா முடிந்த மறுநாள் முதலாளி புது ஆளைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தபோது, மைக் அறை முன்னால் ஆறு டிரைவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். முதல் ஆளாகக் கொட்டாம்பட்டிக்காரர். “இவர மாத்துனா எங்க வண்டிக்கெல்லாம் யாரு சொல்லு தாரது?” என்று அவர்தான் கேட்டார்.

முதலாளி புது ஆளைக் காரிலேயே இருக்கச் சொன்னார். பிறகு உன்னிடம் குரலைத் தணித்து, “ஏய்யா, என் காருக்கு என்ன சொல்லு வரும்?” என்றார்.

நீ யோசிக்கவே இல்லை. “கோ” என்றாய்.

போன தையில் உன்னை மயானத்துக்குக் கொண்டுபோன அன்று கொட்டாம்பட்டிக்காரரும் வந்திருந்தார். இப்போது அவருக்கு இரண்டு வண்டி. அவரிடம் அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் மாட்டுத்தாவணியில் பார்த்தபோது சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அந்த லிம்பு நான் குடுத்தது.”

“தெரியும்ணே” என்றார். “அவருக்கு எங்கிட்டுண்ணே அம்புட்டு இங்கிலீசு? கட்டுக்குப் பின்னால ஒங்க வேட்டி தெரிஞ்சுச்சே. மொதலாளியும் பாத்தாரு.”

“அப்பறம் ஏன் என்னைய ஒண்ணுமே கேக்கல?”

“அவரே நாந்தான்னு சொல்லிட்டாருல்ல. அதுக்கு மேல என்னத்தக் கேக்குறது?”

இத்தனை வருஷமும் உன் பொய் எடுபட்டதென்று நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் மாப்ள.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எங்கள் அடுக்குமாடியில் முந்தாநாள் யாரோ மோட்டாரை அணைக்காமல் விட்டு, மாடித் தொட்டி வழிந்து, படியெல்லாம் தண்ணீர். யார் செய்தது என்று கீழே கூட்டம் போட்டுக் கேட்டார்கள். “நான்தான்” என்றேன். வீட்டில் இன்னும் என்னோடு பேச்சில்லை. கீழ்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் மட்டும் அன்று சாயங்காலம் கதவைத் தட்டி, ஒரு டபரா நிறையப் பாயசம் கொடுத்துவிட்டுப் போனார்.