பார்க்காத கடல்

பிளஸ் ஒன் படிக்கும் ஒச்சாயி, மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரவிருந்த அண்ணன் ஆண்டிச்சாமிக்குச் சீட்டு எழுதினாள். நேற்று சாயங்காலம், வெள்ளைக்காரக் கவிஞர்களைப் பற்றி அவள் எழுதிய இங்கிலீஷ் கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டவன், "மதுரையைத் தாண்டாதவ கப்பல்ல போனதா எழுதுறியே, டீச்சர் சிரிக்க மாட்டாகளா?" என்றிருந்தான். அதிலிருந்து இருவரும் பேசவில்லை.

"அண்ணே, சோறும் புளிக்கொழம்பும் மூடி வச்சிருக்கேன். அம்மா பேரையூர்லருந்து மத்தியானம் வரும். கதவுக்குக் கொண்டி போட்டுட்டுத் தூங்கிறாத.

கட்டுரையிலருந்து கப்பல எடுக்கல. அந்த வெள்ளைக்காரக் கவிஞருக மனசாலேயே எங்கெங்க போய் வந்தாகங்கிறதுதான் டீச்சர் கேட்ட கேள்வி. அவுகளும் பாதி ஊரக் கண்ணால பாத்ததில்ல. நீ கேட்டதையே முதல் வரியா வச்சு, மத்ததெல்லாம் அதுக்குப் பதிலா எழுதிட்டேன். இப்பத்தான் கட்டுரை நல்லா நிமிர்ந்து நிக்குது.
ஒச்சாயி"

பெயரெழுதிய பிறகும் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிளம்ப மனம் வரவில்லை. அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"நாலு மணிக்கு வகுப்புல நாந்தான் மொதல்ல வாசிக்கப்போறேன். முழிச்சிருந்தா வா. உள்ள வரக் கூச்சமா இருந்தா சன்னலுக்கு வெளிய நில்லு. உனக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசிப்பேன்."