மக்காச்சோளத்துக்குள் போன பாதை

இன்று மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்துச் சண்டை செயற்கைக்கோளைப் பற்றி. டி.வி. விவாதத்தில் கேட்டதை ஒருவர் ஆரம்பித்து வைத்தார். "மொட்டை மாடில காயப்போட்ட வத்தலக்கூட மேல இருந்து பாக்காம்லா. மனுசனுக்கு ஒரு மறைவு வேண்டாமா?" என்றார் இன்னொருவர். என் டிபன்பாக்ஸில் புளிச்சாதம் தொடாமலே இருந்தது. மறைவு யாருக்கு வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியும். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் உன் ஜெராக்ஸ் கடை. நான் நில அளவைப் பிரிவில் வரைபடம் வரைகிறவள். ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம் என்பதால் வேலை முடிந்ததும் உன் கடையில் ஒரு டீ குடிக்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. அப்படி ஒரு மழைக்கால மாலையில்தான் அந்தப் பெண் வந்தாள், மாமியாரின் இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க. முழங்கால் வரைக்கும் சேலையில் கரிசல் சேறு காய்ந்திருந்தது. என்னம்மா இது என்று நீ கேட்டாய்.

"சுடுகாட்டுப் பாதைய உழுது மக்காச்சோளம் போட்டுட்டாவம்மா. சகதிக்குள்ள தூக்கிட்டுப் போனோம். ரெண்டு எடத்துல பாடை சரிஞ்சிட்டு."

பனவடலிசத்திரம் போகிற வழியில் அவள் ஊர். உழுதவர் உன் கணவரின் சித்தப்பா. அது தெரிந்த பிறகும் நீ கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷம் வருஷமாகத் தள்ளிப் பார்த்தாய். "ஏட்டி, இங்கன பாரு." காலனித் தெருவிலிருந்து சுடுகாடு வரை வெள்ளையாய் ஒரு கோடு. எல்லா வருஷமும் இருந்தது. கடைசிப் படத்தில் வெறும் பச்சை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இந்தப் பாதை எங்கே?' என்று மட்டும் எழுதி நீ இணையத்தில் போட்டாய்.

முதலில் நீ எந்தச் சாதிக்காரி என்று நினைவுபடுத்தினார்கள். பிறகு உன் கணவரை ஏசினார்கள். பிறகு உன் முகத்தை எடுத்து இன்னொரு உடம்பில் ஒட்டினார்கள். நீ புகார் கொடுத்தாய். அந்தப் படம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று அந்தத் தளத்திலிருந்து பதில் வந்தது. அதே வாரம், நிறையப் பேர் புகார் செய்தார்கள் என்று உன் பதிவைத் தூக்கிவிட்டார்கள். "ஒட்டுன படத்த விட்டுட்டான், பாதைய எடுத்துட்டான் பாரு" என்று சிரித்தாய். நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி 'இங்க அரசியல் வேண்டாம்ப்பா' என்றாள். நான் அதுகூடச் சொல்லவில்லை.

அப்புறம் தாலுகா அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். நிலத்தின் பழைய வரைபடத்தோடு என்னையும் வரச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் சித்தப்பாவின் மகன் என் வீட்டுக்கு வந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தான். "அக்கா, ஒங்க மக பஸ்லதான காலேஜுக்குப் போறா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் நீ அந்தப் பெண்ணோடு, படங்களை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தாய். "மேல இருந்து எடுத்த படம்லாம் ஆதாரம் ஆவாது சார், அது ஆட்டுத் தடம்" என்றார் சித்தப்பா. அதிகாரி என் பக்கம் திரும்பினார். அந்த நிலத்தின் எல்லையும் வழியும் குறித்த பழைய புலப்படம் என் மடியில் இருந்தது. அதில் பாதை புள்ளிக்கோடாகத் தெளிவாக இருந்தது, காலையில்தான் பார்த்திருந்தேன்.

"அந்த எடத்துல படம் கிழிஞ்சிருக்கு சார். சரியாத் தெரியல" என்றேன். அவர் படத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

படிக்கட்டில் நீ என்னை நிறுத்தினாய். "கிழிஞ்சா இருந்துச்சு?" நான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். "எனக்கும் ஒரு மக இருக்காட்டி" என்றாய். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஐப்பசியில் உனக்கு டெங்கு. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நாலே நாள். நீ போன அன்றைக்கு இணையம் முழுக்க உன் போட்டோவும் விளக்குகளும். உன் முகத்தை ஒட்டினவன் அதே பெயரில், 'தைரியமான சகோதரி' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நானும் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டேன். உன்னைக் கொண்டுபோன வழி நல்ல தார் ரோடு. பூப்போட்ட வண்டி ஓர் இடத்திலும் குலுங்கவில்லை.

போன மாதம் புலப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தது. அந்தப் படமும் என் மேஜைக்கு வந்தது. புள்ளிக்கோட்டைப் போட்டேன். இரண்டு நிமிஷ வேலை. ஏன் போட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தரையில் இன்னும் மக்காச்சோளம்தான் நிற்கிறது. போன வாரம் அந்தப் பெண் புதுப் படத்தின் நகல் கேட்டு வந்தாள். இதைக் காட்டினால் பாதையை விடுவார்களா என்று கேட்டாள். திங்கட்கிழமை மறுபடி பேச்சுவார்த்தை, நானே வந்து சொல்லுகிறேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்குப் படம் கிழிஞ்சிருக்குன்னு சொன்னது நீங்கதான?"

"நான்தான்."

அவள் நகலை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்தக்கா உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல" என்றாள். "பயந்துட்டா பாவம்னுதான் சொல்லுவாவ."

நீ என்னைத் திட்டியிருந்தால் இந்நேரம் அதை மறந்திருப்பேன். நீ விட்டுப்போன அந்தப் 'பாவம்' என்னிடமே இருக்கிறது.