சாவி பறித்த பின்

ஆடி 2, வெள்ளி
என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டான் இளங்கோ. அண்ணன் மகன், இன்றைய முதலாளி. கிடங்கில் பட்டாசுப் பெட்டி குறைகிறதாம். சாவி என் பொறுப்பாம். ஆகவே நான் ஓய்வெடுக்க வேண்டுமாம். தலை கறுத்திருந்த காலத்திலிருந்து என் கையில் இருந்த சாவி.

"போலீசெல்லாம் வேண்டாம் சித்தப்பா. வீட்டோட முடிச்சுக்கிருவோம்."

வீட்டோடு முடித்தால் களவு என் தலையில்தான் முடியும். ஒப்பவில்லை. கம்பெனி மோசடியைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் மதுரையில் இருப்பதாக வக்கீல் சொல்லியிருக்கிறார். கூப்பிடு, என்னையும் சேர்த்து விசாரிக்கச் சொல் என்றேன். முழித்தான். கூப்பிட்டான்.

நாள் முழுக்கக் காற்று, புழுதி. பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஆடி 5, திங்கள்
மதுரையிலிருந்து வந்தது ஒரு பெண். ரேவதி. இளங்கோ கணக்குப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தான், அவர் தொடவே இல்லை. எதை யார் திறக்கிறார், யார் பூட்டுகிறார் என்று காலை முழுக்க நின்று பார்த்தார். பாக்கிங் பெண்களோடு டீ குடித்தார்.

மாலையில் என் முறை. வீடு, கடன், பிள்ளைகள், பழக்கவழக்கம். எனக்குச் சுருக்கென்றது. சந்தேகமா என்று கேட்டேன்.

"உங்க மேல சந்தேகம் இல்லைன்னு சொல்ல மாட்டேன் ஐயா. இப்போதைக்கு யாரைப் பத்தியும் சொல்ல மாட்டேன்."

பிடித்திருந்தது. அண்ணன் மகனுக்கு அந்தத் தெம்பு இல்லை.

ராத்திரி சாவி எங்கே இருக்கும் என்றார். ஆபீசில், மாரியம்மன் படத்துக்கு முன்னால், தாம்பாளத்தில். அப்பா காலத்து வழக்கம். காலையில் கும்பிட்டு எடுப்போம்.

"சாமி முன்னாடி இருக்கிறதை யாரும் எடுக்க மாட்டாங்களா?"

"எடுத்தா வெளங்குவானா?"

சிரிக்கவில்லை. விளக்கேற்றுவது யார் என்றார். கணக்கர் சண்முகவேல். ஞாயிற்றுக்கிழமையும் வந்து ஏற்றுவான். காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தில் பெருமை இல்லை.

ஆடி 6, செவ்வாய்
உத்தரவு: சாவியைத் தொடக்கூடிய எல்லோருக்கும் ஒரு வாரம் கட்டாய லீவு. கம்பெனி போனை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். ஒருத்தன் கட்டிக் காக்கும் களவு அவன் நகர்ந்தால் தானே வெளியே வரும் என்று ரேவதி விளக்கம். என்னிடம்தான் சாவியே இல்லையே. என்னை எங்கே அனுப்புவது?

சண்முகவேல் அழாத குறை. "அம்மனுக்கு வெளக்கு யாரு ஏத்துவா அண்ணாச்சி?"

"நான் ஏத்துதேன்லே. போ."

வீட்டில் பெண்டாட்டி: "ஊரே பேசுது. கொஞ்ச நாளைக்குச் சும்மா இருக்க மாட்டீகளா?" சும்மா இருந்தால் ஊர் பேசுவது உண்மையாகிவிடும். சாப்பிடவில்லை. அப்புறம் சாப்பிட்டேன்.

ஆடி 10, சனி
சண்முகவேலின் கம்பெனி போன் அடித்தது. ரேவதி பேசாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, நாளைக்கு வழக்கம்போல வண்டி கொண்டாரவா? சீசன் வந்துட்டுல்லா, பெட்டி கொஞ்சம் கூடப் போடுங்க."

ஞாயிறு கம்பெனிக்கு விடுமுறை. இளங்கோ நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான். அந்தப் பக்கம் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் இருமிவிட்டு "ம்" என்றேன். ரேவதி முறைத்தார்.

ஆடி 11, ஞாயிறு
வேன் வந்தது. நாங்கள் மூவரும் உள் அறையில். டிரைவர் பழகிய வீடு போல நுழைந்தான். செருப்பைக் கழற்றினான். அம்மனைக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்தான்.

எங்களைக் கண்டதும் சாவியைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தான். "சண்முகவேல் அண்ணாச்சிதான் சொல்லியிருக்காக. கும்பிடாம மட்டும் எடுத்துராதன்னாக."

மத்தியானம் சண்முகவேல் ஒப்புக்கொண்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் இளங்கோ வீட்டுக்கு வந்தான். சாவியை நீட்டினான். "வச்சுக்கோங்க சித்தப்பா. நடந்தத மறந்துருவோம்."

யார் மறக்க? வாங்கவில்லை. காப்பி மட்டும் கொடுக்கச் சொன்னேன்.

ஆடி 12, திங்கள்
மேகம் கூடிக் கலைந்தது. ரேவதி ஊருக்குக் கிளம்பினார். அம்மன் படத்தை எடுக்கச் சொல்வார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பூட்டை இரண்டாக்குங்கள் என்றார்.

இனி ஆக வேண்டியவை. ஆபீஸ் சுவரில் ஒட்டுவேன். கிழிக்கிறவன் கிழித்துப் பார்க்கட்டும்.

இளங்கோ: கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அம்மனிடம். இன்னொன்று அவன் இடுப்பில். ஆள் துணையில்லாமல் ஒருவரும் திறக்கக் கூடாது.

எல்லோரும்: வருடத்துக்கு ஒரு வாரம் லீவு. முதலாளியும்தான். நானும், வேறு வழியில்லை.

ரேவதி: சொல்லாமல் கொள்ளாமல் வந்து சரக்கைச் சரிபார்ப்பது.

சண்முகவேல்: எங்களிடம் சொன்னதை ஸ்டேஷனிலும் சொல்வது. அவன் பெண்டாட்டியை ஒருவரும் வாசலில் நின்று ஏசக் கூடாது.

இளங்கோ, மறுபடியும்: பதினெட்டாம் பெருக்குப் பூஜைக்கு வேலையாட்கள், ஏஜெண்டுகள், சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது, சித்தப்பா திருடவில்லை, சந்தேகப்பட்டது நான்தான் என்று மைக்கில் சொல்வது. காதோடு சொன்னது செல்லாது.